மெத்தைக்கு அடியில் வந்த தண்ணீர்

நடமாடும் சிகிச்சை வண்டிகளுக்குப் புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகள் இப்போதும் இடைக்கிடை என்னைப் பார்க்க வருவார்கள். பாம்பு கடித்துக் கொண்டுவந்தால் என்ன செய்வது, பாதையை வெள்ளம் மூடினால் என்ன செய்வது, குழந்தை தலைக்குப் பதிலாகக் கால் முன்னே வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் புத்தகத்தில் பதில் இருக்கிறது, நானும் அதையேதான் சொல்வேன். பிறகு, "நீங்கள் படுக்கிற மெத்தையைத் தூக்கிப் பார்த்தனீங்களோ?" என்று கேட்பேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மிஸிக்கு வயது போய்விட்டது என்று நினைப்பது முகத்தில் அப்படியே தெரியும். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் இருந்து இளைப்பாறிப் பல வருடமாகியும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருங்கள், சொல்கிறேன்.

சண்டை நின்று, வன்னிக்குப் பாதை திறந்த பிறகு வந்த காலம் அது. வெளிநாட்டில் யாரோ குடும்பமாகச் சுற்றுலா போகப் பாவித்த ஒரு வீட்டு வண்டி, உதவிப் பொருட்களோடு சேர்ந்து வன்னிக்கு வந்தது. உள்ளே அடுப்போடு ஒரு குட்டிக் குசினி, கை கழுவும் தொட்டி, பின்பக்கம் குறுக்கே பலகை அடித்த ஒரு கட்டில். முன்பாதியை மருந்து கொடுக்கிற இடமாக மாற்றித் திரை போட்டார்கள். பின்பாதி எங்களுக்கு. எங்களுக்கு என்றால், எனக்கும் மருத்துவிச்சி தவம் அக்காவுக்கும். சாரதி செல்வம் அண்ணை நாங்கள் நிற்கிற இடத்துப் பள்ளிக்கூட விறாந்தையில் வாங்குப் பலகையைப் போட்டுப் படுத்துக்கொள்வார். மூன்று பேரும் அந்த வண்டியும் கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, ஒரு ஊராகச் சுற்றினோம். போகிற இடமெல்லாம் சனம் வண்டியைத் தட்டித் தட்டிப் பார்க்கும். பனியில் ஓடுவதற்குச் செய்த வண்டி என்பதால் யன்னல்கள் றப்பர் வைத்து, சாத்தினால் ஒரு எறும்புகூட நுழையாதபடி இறுக்கமாக இருந்தன. அதைப் பார்த்து நாங்கள் பெருமைப்பட்டோம்.

தவம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட மூத்தவர். கதைத்தால் ஊருக்கே கேட்கும். பிள்ளைத்தாய்ச்சிகளை ஏசி ஏசியே வைத்தியம் பார்ப்பார், அவர்களும் அந்த ஏச்சைக் கேட்கவே வருவார்கள். அவருக்குச் சின்ன வயதிலிருந்து முட்டு வருத்தம். மாரி மழை வந்தால் நெஞ்சு இழுக்கும். வண்டி வேலைக்கு ஆள் எடுத்தபோது மேற்பார்வை டொக்டர் முதலில் மறுத்தார். அக்கா அவருடைய மேசைக்கு முன்னால் நின்று வாதாடித்தான் இந்த இடத்தை வாங்கினார். டொக்டர் ஒரு நிபந்தனையோடு விட்டார். நெஞ்சு மோசமானால் அலுவலகத்தில் பதிவு எழுதுகிற வேலைக்கு மாற்றிவிடுவார். அக்காவுக்கு அது தண்டனை மாதிரி.

"பிள்ளையைக் கையில ஏந்தினவளைப் பேனை பிடிக்கச் சொல்லுறார், பாருங்கோ" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

முதல் மாரி தொடங்கியதும் அந்த நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு விடியலிலும் இருமல். எழும்பி இருந்து மூச்சுக்குப் போராடுவார். மூச்சுக்கு இழுக்கிற பம்ப் அடித்து, குளிசை விழுங்கி, வெயில் ஏறும்போது சரியாகிவிடும். மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் கிழமைக்குக் கிழமை கூடியது.

ஒருநாள் முள்ளிவாய்க்காலில் நிற்கும்போது அக்காவின் சீப்பு கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்தது. அதை எடுக்க மெத்தையின் மூலையைத் தூக்கினேன். கை நனைந்தது. முழுக்கத் தூக்கினால் மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துக் கிடந்தது. பலகை ஊறிப்போய் ஒரு புளித்த மணம். அதற்கு மேலேதான் இரவெல்லாம் அக்கா என் பக்கத்தில் முகத்தை வைத்துப் படுத்திருக்கிறார். செல்வம் அண்ணையைக் கூப்பிட்டேன்.

"ஒழுகுது" என்றார் செல்வம் அண்ணை, ஒரு நிமிடமும் யோசிக்காமல்.

எங்களில் யாரும் யோசிக்கவில்லை. பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். எங்கள் சனத்துக்கு ஈரம் என்றால் இரண்டே வழிதான். மேலே இருந்து ஒழுக வேண்டும், இல்லாவிட்டால் நிலத்தில் இருந்து ஊற வேண்டும். எத்தனை இடப்பெயர்வு. போன இடத்தில் முதல் வேலை தலைக்கு மேல் ஒரு தறப்பாள் கட்டுவது, இரண்டாவது வேலை பாய்க்குக் கீழே ஒரு பொலித்தீன் விரிப்பது. சட்டி பானையை விட்டுவிட்டு ஓடியவர்களும் தறப்பாளை விடவில்லை. அது எங்களைக் காப்பாற்றியது, பொய்யில்லை. அதனால் எந்த ஈரத்தைக் கண்டாலும் எங்கள் கை தானாகவே தறப்பாளுக்குப் போகும்.

செல்வம் அண்ணை கூரையில் ஏறிப் பொருத்துகளுக்கெல்லாம் தார் பூசினார். அதற்கு மேல் ஒரு பெரிய தறப்பாளைப் போட்டு, நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினார். கூரையில் காற்றுப் போவதற்கு இருந்த சின்னக் காற்று மூடியும் அதற்குள் போய்விட்டது. பலகையைத் துடைத்து, அதற்கு மேல் தடித்த பொலித்தீனை விரித்து, விளிம்பெல்லாம் மடித்து ஆணி அடித்தார். அதற்கு மேல் அதே மெத்தை, அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் போட்டோம். விஷயம் கேள்விப்பட்ட ஒரு மீன்காரத் தாய், தன்னுடைய மீன் வாடிக் கொட்டிலில் இருந்த நல்ல பொலித்தீன் துண்டைக் கொண்டுவந்து தந்தார். அந்தத் தாய், அக்கா பிரசவம் பார்த்த தன் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தார். "என்ர பிள்ளையைத் தந்தவா குளிரில கிடக்கிறதோ" என்றார். அதையும் சுவர்ப் பக்கம் அடித்தோம். பனி பட்டால் நெஞ்சுக்குக் கூடாது என்று மாலை பட்டதுமே யன்னல்களை இறுக்கிச் சாத்தினோம். கடிக்கிற நுளம்பும் உள்ளே வராது. மழை என்பதால் பிரசவத்துக்கு எடுக்கிற கத்தரிக்கோல், ஊசிகளை அவிக்கிற பானையை உள்ளே இருந்த அடுப்பிலேயே வைத்தோம். எங்கள் உடுப்புகளை உள்ளே கயிறு கட்டிக் காயப்போட்டோம். வண்டி இப்போது ஒரு பொதி மாதிரி இருந்தது. உள்ளே நல்ல கதகதப்பு. ஒரு ராணி மாதிரி இருக்கிறேன் என்று அக்கா சிரித்தார்.

அடுத்த கிழமை அவருடைய நெஞ்சு முன்பைவிட மோசமாகியது. கதைக்கிற குரல் குறைந்தது. ஏச்சு நின்றது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. ஒரு தாய் வெளியே போகும்போது என்னிடம் இரகசியமாக, "அக்கா என்னோட கோவமே? ஒண்டும் ஏசேல்லை" என்று கேட்டாள்.

இப்படியான செய்தி டொக்டரின் காதுக்குப் போகாமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை, நாங்கள் அடுத்துப் போகிற கனகராயன்குளத்துக்கு வந்து தானே பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். கூடவே, அலுவலகத்தில் இடம் தயாராக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். அக்கா அதைக் கேட்டுவிட்டுப் பிரசவப் பையைத் திறந்து, ஏற்கெனவே மடித்திருந்த துணிகளை மறுபடி மடித்தார்.

அந்தக் கிழமை இரணைமடுப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வளவில் நின்றோம். காலையில் தாய்மார் குடையும் பிள்ளைகளுமாக வரிசையில் வந்துவிட்டார்கள். உள்ளே அக்காவுக்கு மூச்சு எடுபடவில்லை. உதடு நிறம் மாறியது. செல்வம் அண்ணை வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சாரதி ஆசனத்தில் ஏறினார்.

"மிஸி, கதவைச் சாத்துங்கோ. ஒரே மிதியில கிளிநொச்சிக்குக் கொண்டுபோறன்."

"இறங்குங்கோ அண்ணை" என்றேன்.

"உங்களுக்கென்ன விசரே? ஆளைப் பாருங்கோ!"

"அந்தப் பாதையில அவவைக் குலுக்கிக்கொண்டு போகேலாது. முதல் மூச்சு வரட்டும். ஒரு கதிரை கொண்டாங்கோ."

எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் எல்லோருக்கும் சரியாகத் தெரிகிற வேலை. வழியில் ஏதும் நடந்தால் என்னை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் பம்ப் என் கையில் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. பாதையோ பாதிக்குப் பாதி தண்ணீருக்குள். நெருக்கடியில் ஓடுவது சுலபம், நிற்பதற்குத்தான் துணிவு வேண்டும். நான் நின்றேன்.

அக்காவைத் தூக்கி வெளியே வேப்பமரத்தின் கீழ் கதிரையில் இருத்தினோம். பம்ப் அடித்தேன். தாய்மார் வரிசையைக் குலைத்துச் சுற்றி வந்தார்கள். "காத்து விடுங்கோ, விலத்துங்கோ" என்று கத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இறங்கியது. உதட்டில் இரத்தம் ஓடியது. அவர் கண்ணைத் திறந்து சொன்ன முதல் சொல், "ஏன் எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள், இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு வரிசையில நில்லுங்கோ." எனக்கு அழுகை வந்துவிட்டது.

மழை விட்டிருந்தது. நல்ல வெயில். அக்கா வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மிஸி, நான் ஒவ்வொரு நாளும் வெளியில வந்தாப் பிறகுதானே சுகப்படுறன். குளிசையாலதான் எண்டு நினைச்சன். இண்டைக்குக் குளிசை போடேல்லை."

"பம்ப் அடிச்சது அக்கா."

"விடிய உள்ளுக்க வைச்சும் ரெண்டு தரம் அடிச்சனீங்கள். அப்ப கேக்கேல்லையே. அந்த மெத்தையை வெளியில எடுங்கோ பாப்பம்."

செல்வம் அண்ணை முகத்தைச் சுளித்தார். தான் அவ்வளவு பாடுபட்டு அடைத்த இடம் அது. இருந்தாலும் மெத்தையை இழுத்து வெளியே போட்டார். அடிப்பக்கம் பிழியலாம் போல் நனைந்திருந்தது. பிறகு ஆணியைக் கழற்றிப் பொலித்தீனையும் எடுத்து வந்து மரத்தின் கீழ் ஒரு காய்ந்த வாங்குப் பலகையில் விரித்தார். மடிப்பில் தண்ணீர் தேங்கி ஒரு பக்கமாக ஓடியது.

"பாத்தீங்களே, இன்னும் ஒழுகுது. இன்னொரு தறப்பாள் போடவேணும்" என்றார்.

அக்கா கதிரையில் இருந்தபடியே குனிந்து பொலித்தீனைத் தொட்டார். மேல்பக்கத்தைத் தடவி, நனைந்த கையைச் சேலையில் துடைத்தார். பிறகு புரட்டி அடிப்பக்கத்தைத் தடவினார். உள்ளங்கையை எங்களுக்குக் காட்டினார். கை காய்ந்திருந்தது.

"அண்ணை, கீழ இருந்து ஊறினா இந்தப் பக்கமெல்லோ நனையவேணும்?"

"நான் கீழ எண்டு சொல்லேல்லை. கூரை."

"கூரையால ஒழுகினா மெத்தையின்ர மேல்பக்கம் நனையவேணும். விரிப்புக் காய்ஞ்சுதானே கிடந்தது. நான் அதிலதானே படுத்தனான்."

அண்ணை உள்ளே போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தார். பழைய ஈரத்தின் கறை மட்டும் இருந்தது. பலகை காய்ந்து கிடந்தது. கூரைப் பொருத்தையும் தடவிப் பார்த்தார். அதுவும் காய்ந்துதான் இருந்தது. மூன்று பேரும் அந்தப் பொலித்தீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அப்படியென்றால் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அக்காதான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"மிஸி, நாங்கள்தான்! நீங்களும் நானும். சோத்துப் பானை மூடியில தண்ணி நிக்கிற மாதிரி. நாங்கள் விடுற மூச்சும் எங்கட வேர்வையும் போக வழியில்லாமல் மெத்தைக்குள்ளால இறங்கி, அடியில குளிர்ந்த இடத்தில தண்ணியா நிக்குது."

அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. உள்ளே அவித்த பானையின் ஆவி. உள்ளே காய்ந்த உடுப்பு. இறுக்கிச் சாத்திய யன்னல். மூடிய காற்று மூடி. நாங்கள் அடைக்க அடைக்க, ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூஞ்சணத்துக்குத் தீனியாகியது. பூஞ்சணம் அக்காவின் நெஞ்சுக்குள் போனது. அவரை மழையில் இருந்து காப்பாற்றவென்று செய்த ஒவ்வொரு வேலையும் அவருடைய மூச்சைத்தான் அடைத்திருக்கிறது.

செல்வம் அண்ணை தனியே போய் மதிலில் இருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"அப்ப நான் தார் பூசினது, கயிறு கட்டினது, எல்லாம் அவவைக் கொல்லவோ?" என்றார். கண் கலங்கியிருந்தது.

"இல்லை அண்ணை. சனம் செய்யிறதைத்தானே செய்தனீங்கள். நானும் ஆணி எடுத்துத் தந்தனான். இப்ப கழட்டவேணும், அவ்வளவுதான்."

பிள்ளைகளே, எங்கள் வேலையில் மிகக் கடினமானது எது தெரியுமா? அன்போடு செய்த ஒன்றைக் கழற்றுவது. பிழையான மருந்தை நிறுத்தலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். ஆனால் ஒரு தாய் தன் கையால் போர்த்திய போர்வையை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அந்த மீன்காரத் தாயின் பொலித்தீனைச் சுவரில் இருந்து கழற்றும்போது எனக்கே கை வரவில்லை.

கழற்றினோம். பூஞ்சணம் பிடித்த மெத்தையை எரித்தோம். காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம் என்று அண்ணை கெஞ்சினார், நான் விடவில்லை. அக்காவைப் பள்ளிக்கூட அதிபர் வீட்டில் படுக்கவிட்டு, நானும் அண்ணையும் வண்டியின் உட்பக்கத்தைக் குளோரின் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். கட்டில் பலகையைக் கழற்றிவிட்டு, மரம் விற்கிற காலையில் வாங்கிய மெல்லிய மரச் சலாகைகளை விரல் போகும் இடைவெளி விட்டு அண்ணை அடித்தார். அதற்கு மேல் ஒரு மெல்லிய தேங்காய்த் தும்பு மெத்தை. எதிரும் புதிருமாக இரண்டு யன்னல்களை எப்போதும் ஒரு கைப்பிடி அளவுக்குத் திறந்து, நுளம்பு வலை அடித்தோம். காலையில் எழும்பியதும் மெத்தையைச் சுவரோடு நிமிர்த்திச் சாய்த்துவிட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெரிய தறப்பாளை அண்ணை எறியவில்லை. வண்டியின் பக்கவாட்டில் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டினார். கத்தரிக்கோல், ஊசிகள் அவிப்பது, உடுப்புக் காயப்போடுவது எல்லாம் அதற்குக் கீழே. மழையில் வரிசையில் நின்ற தாய்மாருக்கும் அது உதவியது. அண்ணையின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

யன்னலைத் திறந்து படுக்க அக்காவுக்குப் பயம். பனி தலையில் இறங்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். துவாயால் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, "நான் செத்தா உங்களைத்தான் பிடிப்பன் மிஸி" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். விடிய நான் எழும்பியபோது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறட்டையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை டொக்டர் வந்தார். அவருடைய பெயரைச் சொன்னால் இப்போதும் கோபிப்பார், வேண்டாம். அக்காவை இருத்தி முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். அக்கா என் கையைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது.

"இன்னும் கொஞ்சம் இழுவை கிடக்கு" என்றார் டொக்டர்.

அக்காவின் தலை குனிந்தது. நான் டொக்டரைப் பின்பக்கம் கூட்டிப்போய் மெத்தையைத் தூக்கிக் காட்டினேன். எரித்த மெத்தையைப் பற்றிச் சொன்னேன். எடுத்து வைத்திருந்த பொலித்தீனையும் கொடுத்தேன். அவர் சலாகைகளுக்கு இடையில் கையை விட்டுப் பார்த்தார். மெத்தையின் அடிப்பக்கத்தைத் தடவினார். பிறகு கை காய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி விரல்களை உரசிக்கொண்டு நின்றார்.

"மிஸி, அவவை மாத்தச் சொல்லி நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தா நான் உடன மாத்தியிருப்பன். உங்களுக்கும் லேசு, எனக்கும் லேசு. அடுத்து வாற மருத்துவிச்சியும் இதே மெத்தையிலதான் படுத்திருப்பா" என்றார்.

வெளியே வந்து அக்காவிடம், "மாரி முடியட்டும், பிறகு பாப்பம். யன்னலைச் சாத்தினீங்களெண்டா அண்டைக்கே பேனைதான்" என்றார். அக்கா எழும்பி அவருக்குத் தேத்தண்ணீர் வைக்கப் போனார். பந்தலுக்குக் கீழேதான் வைத்தார்.

மாரி முடிந்தது. அடுத்த மாரியும் வந்து போனது. அக்கா வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்தச் சலாகைக் கட்டிலிலேயே எத்தனையோ பிள்ளைகள் பிறந்தார்கள். சண்டை திரும்பி வந்து, கடைசியில் டீசல் இல்லாமல், பாதையும் இல்லாமல், வண்டியை ஒரு தெருவோரத்தில் விட்டுவிட்டு நடந்தோம். அதன் பிறகு நடந்ததை நான் இங்கே சொல்லப்போவதில்லை. உங்களில் பலருடைய வீடுகளிலேயே அந்தக் கதை இருக்கிறது. செல்வம் அண்ணை எங்களோடு வந்து சேரவில்லை.

வவுனியா முகாமில் எங்களுக்கு ஒரு கூடாரம் தந்தார்கள். முன்பின் தெரியாத குடும்பங்கள் ஒன்றாக அதற்குள். பயத்தில் எல்லாப் பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டுப் படுத்தோம். விடிந்தபோது கூரையில் இருந்து ஒரு குழந்தையின் முகத்தில் தண்ணீர் சொட்டியது. தாய் பதறி எழும்பினாள்.

"ஒழுகுது, ஒழுகுது! ஆரிட்டையும் இன்னொரு தறப்பாள் இருக்கோ?"

வெளியே மழை இல்லை. எல்லோரும் மேலே பார்த்தோம். கூடாரத்தின் உட்பக்கம் முழுவதும் துளி துளியாகத் தண்ணீர் நின்றது. தவம் அக்கா மெதுவாக எழும்பி, கையை உயர்த்தி அதைத் தொட்டார். நனைந்த விரல்களை எங்களுக்குக் காட்டினார். நான் செல்வம் அண்ணையை நினைத்தேன். அக்காவும் அவரைத்தான் நினைத்திருப்பார்.

"இது மழையில்லைப் பிள்ளை" என்றார். "இதுக்குள்ள படுத்த எல்லாரும் மூச்சு விட்டிருக்கிறம்."

வந்த நாளிலிருந்து வாய் திறக்காமல் மூலையில் கிடந்த ஒரு பெண் எழும்பி வந்து, தானும் கையை உயர்த்தி அந்தத் துளிகளைத் தொட்டுப் பார்த்தாள். அக்கா வாசல் பக்கம் போய்க் கயிற்றை அவிழ்த்தார்.